சாப்பிட்டதாகப் பதிவாகியுள்ளது

ஒரெஸ்ட்டை அடக்கம் செய்துவிட்டு வந்து தேவாலயக் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்மேஜையில் ஒருவர் அவன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரோகி ஆலையில் முழங்கால் அளவு மாவில் நின்றபடி என் கணவன் பெரிய அதிகாரியைக் கெட்ட வார்த்தையில் திட்டினானாம். பக்கத்தில் இருந்தவர், திட்டவில்லை, மாவை உருட்டி முகத்தில் எறிந்தான் என்றார். இரண்டும் நடக்கவில்லை. ஒரெஸ்ட்டுக்கு யாரையும் திட்டத் தெரியாது. சாலையில் மான் குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்தி அதனிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள். அன்றைக்கு அவன் செய்ததெல்லாம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுதான். நடந்ததை யாராவது ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். அன்று அங்கே இருந்தவர்களில் எழுத நேரம் கிடைத்திருப்பவள் இப்போது நான்தான்.

கனடாவின் மானிடோபா மாகாணத்தில், எங்கள் பக்கத்துச் சிற்றூரில் வேலை என்றால் மூன்றே இடம்: கோதுமை வயல், மருத்துவமனை, பெரோகி ஆலை. ஒரெஸ்ட் ஆலையில் காலை ஷிஃப்ட். அவன் பொறுப்பில் இருந்தது எடித். எடித் என்பது மாவை விரித்து, நடுவில் உருளைக்கிழங்கும் சீஸும் வைத்து, மடித்து, ஓரத்தை அழுத்தி, கொழுக்கட்டை மாதிரிப் பெரோகியாக வெளியே தள்ளும் இயந்திரம். ஆலையைத் தொடங்கியவருடைய மாமியாரின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். சத்தத்தைக் கேட்டால் காரணம் புரியும்.

நான் மதிய ஷிஃப்ட்டில் பொட்டலம் கட்டும் பிரிவு. அவன் வீடு திரும்பும்போது நான் கிளம்பியிருப்பேன். நான் திரும்பும்போது அவன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது இது வசதியாக இருந்தது. அவர்கள் வளர்ந்து வின்னிபெக்குக்கும் கால்கரிக்கும் போன பிறகு ஷிஃப்ட்டை மாற்றச் சொல்லிக் கேட்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. ஆகவே வாரநாட்களில் எங்கள் திருமண வாழ்க்கை என்பது அவனுடைய சாப்பாட்டு அரைமணிதான்.

நான் பிக்கப் வண்டியில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் ஆலையின் வண்டி நிறுத்தத்தில் காத்திருப்பேன். அவன் குல்லாவைக் காது வரை இழுத்துக்கொண்டு பனியில் ஓடிவந்து ஏறுவான். கோஸ் இலையில் அரிசியும் இறைச்சியும் சுருட்டி வேகவைத்த ஹொலுப்ட்ஸி, ரை ரொட்டி, பூண்டு சாசேஜ், ஒரு குடுவை பீட்ரூட் சூப். பெரோகி கிடையாது, அந்த ஆலையில் வேலை செய்கிற யாரும் பெரோகியைத் தொடமாட்டார்கள். கூரை ஒழுகுவது, மகளின் புதுக் காதலன், ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாவற்றையும் அந்த வண்டிக்குள்தான் பேசினோம். சண்டையும் அங்கேதான். அரைமணியில் முடிகிற சண்டையாகப் பார்த்துத்தான் போட்டோம்.

இப்படி இருக்கும்போது தலைமை அலுவலகம் டொராண்டோவிலிருந்து லோர்ன் பெட்டிக்ரூவை அனுப்பியது. அவர் கதவில் 'நேரப் பராமரிப்பு மற்றும் பணியாளர் மகிழ்ச்சி இயக்குநர்' என்று எழுதியிருந்தது. வந்த அன்றே எல்லோரையும் கூட்டிப் பேசினார்.

"என்னை லோர்ன்னே கூப்பிடுங்க. நாம எல்லாரும் ஒரே குடும்பம். இத்தன நாளா நீங்க சாப்பிடப் போறப்போ ஒருதரம், திரும்பி வர்றப்போ ஒருதரம் அந்த மெஷின்ல விரலை வெச்சீங்க. எவ்வளவு சிரமம்! எவ்வளவு மன உளைச்சல்! இனிமே அந்தக் கவலையே வேண்டாம். நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு நீங்க சொல்லத் தேவையில்ல. நாங்களே சொல்லிடுவோம்."

கைதட்டினோம். கேக் வைத்திருந்தார்கள்.

மறுநாளிலிருந்து, ஷிஃப்ட் முடிந்து வெளியேறும்போது வாசல் திரையில் சிரிக்கிற பெரோகிப் படம் ஒன்று வரும். அதன் கீழே: 'இன்று நீங்கள் இனிமையாகச் சாப்பிட்டதாகப் பதிவாகியுள்ளது. நன்றி, ஒரெஸ்ட்!' எல்லோருடைய கூலி நேரத்திலிருந்தும் அரைமணியை அந்த ஏற்பாடு தானாகவே கழித்துக்கொண்டது.

இவ்வளவு பெரிய நேரத் துறைக்கு ஆள் வேண்டுமே. புதிதாக ஆள் எடுக்க மனசில்லை. எனவே ஆலைக்குள்ளேயே தேடினார்கள். யாராவது சாப்பிடப் போனால் அவர்கள் இடத்தில் நிற்பதற்கென்று சில மாற்று ஆட்கள் இருந்தார்கள். பெரும்பாலான நேரம் அவர்கள் சும்மா நிற்பதுபோல் திரையில் தெரிந்தது. ஆகவே, சாப்பிடப் போகிறவர்களுக்குப் பதிலாக நின்றவர்களை எடுத்து, சாப்பிடப் போகிறவர்களை எண்ணுவதற்கு வைத்தார்கள்.

எடித்துக்கு மாற்று ஆளாக இருந்தவன் ட்வைட் ரெய்மர். ஒரெஸ்ட்டோடு பள்ளியில் ஒரே பெஞ்ச். அவனுக்கு நீலச் சட்டைமேல் போடும் ஒரு பளபள அங்கியும், ஒரு டேப் கணினியும், 'ஓய்வுச் சரிபார்ப்பு அலுவலர்' என்ற பதவியும் கிடைத்தன.

"டேய் ட்வைட், நான் சாப்பிடப் போனா எடித்த யாரு பாத்துக்கறது?" என்று ஒரெஸ்ட் கேட்டான்.

"அது உற்பத்தித் துறைடா. நான் இப்ப நேரத் துறை" என்றான் ட்வைட். சொல்லும்போது எடித்தைத் திரும்பிப் பார்த்தானாம், பழைய காதலியைப் பார்ப்பதுபோல.

எடித்தைத் தனியாக விட முடியாது. மாவு ஒரு பக்கமாகச் சேர்ந்துகொண்டு வாயை அடைத்துவிடும். ஒரெஸ்ட் வண்டியில் ஏறி முதல் வாய் வைத்தவுடன் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி கத்தும்: "ஒரெஸ்ட், எடித் நின்னுபோச்சு, சீக்கிரம்!" அவன் அதனிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடுவான். நான் இரண்டு பேர் சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் உறைபனி பூப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் திரும்பி வரமாட்டான். மாலையில் அந்தப் பெரோகி சிரித்துக்கொண்டே, இனிமையாகச் சாப்பிட்டாய் என்று சொல்லும்.

பல நாள் இப்படிப் போன பிறகு ஒரெஸ்ட் லோர்னின் அறைக்குப் போனான். அங்கே நடந்த பேச்சை அன்றிரவு சமையலறை மேஜையில் குறிப்பு எழுதிவைத்துவிட்டுத் தூங்கியிருந்தான். நேரில் சொல்லத்தான் எங்களுக்கு அரைமணி இல்லையே.

"நான் இன்னிக்குச் சாப்பிடல லோர்ன்."

லோர்ன் திரையைப் பார்த்தார். "சாப்பிட்டிருக்கீங்களே."

"இல்லீங்க. எடித்கிட்ட இருந்தேன்."

"இங்க தெளிவா இருக்கு. இனிமையா சாப்பிட்டிருக்கீங்க."

"எனக்குப் பசிக்குதே."

"அது சாப்பாட்டுக்குப் பிறகு வர்ற பசி ஒரெஸ்ட். அதையும் ஒரு நாள் ஆராயணும்."

ஒரெஸ்ட் போகாமல் நின்றுகொண்டிருந்தான். லோர்ன் குரலைத் தாழ்த்தினார். "சரி. அந்த அரைமணிய வேலை நேரமா மாத்தி, கூலி போட்டுத் தந்துடறேன். வெளியில சொல்லாதீங்க."

"கூலி வேண்டாங்க."

"பின்ன?"

"அரைமணிதான் வேணும்."

லோர்ன் நாற்காலியில் சாய்ந்துகொண்டாராம். கூலி கேட்டவர்களை அவருக்குத் தெரியும். வழக்குப் போடுவேன் என்றவர்களையும் தெரியும். அரைமணியையே கேட்கிற ஆளை அவர் பார்த்ததில்லை. "அதை வெச்சு என்ன பண்ணப்போறீங்க?" என்று உண்மையான கவலையோடு கேட்டாராம்.

"பொண்டாட்டியோட உக்காந்திருப்பேன்."

லோர்ன் திரையில் எதையோ நெடுநேரம் தேடினார். பிறகு, அதற்குரிய வகை கணினியில் இல்லை என்று வருத்தத்தோடு தெரிவித்தார்.

ஆனால் அவர் கெட்டவர் இல்லை. பணியாளர்களுக்குத் தங்கள் உரிமை தெரியவில்லை என்பதை அந்தப் பேச்சிலிருந்து புரிந்துகொண்டு, 'உங்கள் ஓய்வு, உங்கள் உரிமை' என்று ஒரு பயிற்சி நடத்தினார். எல்லோரும் கட்டாயம் வரவேண்டும். உற்பத்தி தடைபடக் கூடாது என்பதால் அதைச் சாப்பாட்டு நேரத்தில் வைத்தார்கள். மதிய ஷிஃப்ட்காரர்களான எங்களையும் முன்கூட்டியே வரச் சொன்னார்கள்; கல்வி என்பதால் அது வேலையில் சேராது. அறையில் புதுக் கம்பளம் விரித்திருந்ததால் உள்ளே எதுவும் சாப்பிடக் கூடாது என்று வாசலிலேயே ட்வைட் டப்பாக்களை வாங்கி வைத்துக்கொண்டான்.

படம் போட்டார்கள். அதில் ஒருவன் மரத்தடியில் உட்கார்ந்து ஆப்பிள் சாப்பிட்டான். வேறொன்றும் நடக்கவில்லை. கடிக்கிற சத்தம் மட்டும் நாலு பக்கமும் ஒலிபெருக்கியில் கேட்டது.

என் பக்கத்தில் லிகாயா இருந்தாள். மணிலாவிலிருந்து வந்தவள், பொட்டலப் பிரிவில் என் ஜோடி. "அக்கா, அவன் கடிக்கக் கடிக்க எனக்கு இங்க உயிர் போகுது" என்றாள்.

"கண்ண மூடிக்கோடி."

"மூடினா இன்னும் நல்லா கேக்குது."

படம் முடிந்ததும் லோர்ன் கேள்வி கேட்கச் சொன்னார். லிகாயா எழுந்தாள். "சாப்பாட்டு நேரத்துல பயிற்சி வெச்சா நாங்க எப்ப சாப்பிடறது?"

"அருமையான கேள்வி! எல்லாரும் இவங்களுக்குக் கைதட்டுங்க. இந்தத் தலைப்புலதான் அடுத்த வாரப் பயிற்சி."

அன்று மாலையும் பெரோகி சிரித்தது.

பயிற்சியில் லோர்ன் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: ஓய்வு என்றால் அர்த்தமுள்ள ஓய்வாக இருக்கவேண்டும். அர்த்தத்தை யாராவது சரிபார்க்க வேண்டுமல்லவா? புகார் கொடுத்தவன் என்ற முறையில் ஒரெஸ்ட்டுக்குத்தான் முதல் சலுகை. மறுநாள் அவன் வண்டியில் ஏறியபோது அவனுக்கு முன்னால் ட்வைட் ஏறினான். பிக்கப்பில் ஒரே நீள இருக்கை. ட்வைட் எங்கள் நடுவில்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு மரூசியா. நான் இல்லேன்னு நெனச்சுக்கோ."

"உன் முழங்கை என் சூப்புக்குள்ள இருக்கு. எப்படி நெனைக்கறது?"

டேப்பைத் தட்டினான். "ஒரெஸ்ட், இப்ப ஓய்வு எப்படி இருக்கு? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லு."

"நீ எறங்கு, சொல்றேன்."

சாப்பிட ஆரம்பித்தோம். ஒரெஸ்ட் பழக்கதோஷத்தில் என்னிடம், "எடித்தோட இடது பல்சக்கரம் ரெண்டு நாளா முனகுது" என்றான்.

ட்வைட் கையைத் தூக்கினான். "வேலைப் பேச்சு. ஓய்வு ரத்து." டேப்பில் குறித்தான். குறித்த விரல் அப்படியே நின்றது. "முனகுதா? மேல் சக்கரமா, கீழயா?"

"கீழ."

"எண்ணெய் போட்டியா?"

"போட்டேன். குடிச்சுட்டு மறுபடி முனகுது."

"நீ பின்பக்கமா போட்டிருப்ப. அவளுக்கு முன்பக்கமா போட்டாத்தான் பிடிக்கும். நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

அன்றைக்கு அதிசயமாக வாக்கி-டாக்கி கத்தவில்லை. அரைமணியும் இரண்டு பேரும் எடித்தைப் பற்றியே பேசினார்கள். நான் ட்வைட்டின் பங்கு என்று எதுவும் கொண்டுவரவில்லை. இருந்தும் அவன் நாலு ஹொலுப்ட்ஸி சாப்பிட்டான். அவனுக்கு இப்போது சாப்பாட்டு நேரமே கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது. மற்றவர்கள் சாப்பிடுவதை எண்ணிக்கொண்டிருக்கிறவன் எப்போது சாப்பிடுவான்?

அடுத்த நாள் அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். நேரத் துறை ஆராய்ந்ததில், நானும் ஆலைப் பணியாளர் என்பது தெரியவந்ததாம். ஆலை வளாகத்துக்குள் இரண்டு பணியாளர்கள் உட்கார்ந்து பேசினால் அது கூட்டம். கூட்டம் என்றால் என்ன பேசப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். ஒருவர் தலைவராக இருக்கவேண்டும்.

"உங்க ரெண்டு பேர்ல யாரு தலைவர்?" என்று ட்வைட் தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அது முடிவாகலடா" என்றான் ஒரெஸ்ட். "இன்னிக்கு அரைமணில எப்படி முடிவாகும்?"

சிரித்தோம். அதற்குள் வாக்கி-டாக்கி கத்தியது. ஒரெஸ்ட் ஓடினான். ட்வைட்டும், கூட்டம் பாதியில் கலைந்ததைப் பதிவு செய்யவேண்டும் என்று இறங்கிப் போனான். சூப்புக் குடுவையை மூடினேன். மூடிவிட்டுக் கொஞ்சம் அழுதேன். அது என்னையே எரிச்சல்படுத்தியது. சனிக்கிழமை அவனிடம் சொன்னேன்.

"ஒரெஸ்ட், இனிமே நான் வரல. வீட்டுலயே சாப்பிட்டுட்டு வேலைக்கு வந்துடறேன். உனக்கு ரொட்டியில ஏதாவது வெச்சுத் தரேன், நின்னுக்கிட்டே தின்னுக்கோ."

அவன் பனி வாரும் மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "வராம இருந்தா, நாம எப்ப பாத்துக்கறது?"

"ஞாயித்துக்கிழமை தேவாலயத்துல பாத்துக்கலாம். வணக்கம் சொல்லிக்கலாம்."

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. வாழ்க்கையில் ஒருதரம்கூட யார்மேலும் வெளியே போய்ப் புகார் சொல்லாத ஒரெஸ்ட், திங்கட்கிழமை மாகாணத் தொழிலாளர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினான். எண்ணைக் கொடுத்தவள் லிகாயா. பணியாளர் உரிமைச் சுவரொட்டியை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டவேண்டும் என்பதற்காக லோர்ன் அதைச் சாப்பாட்டு அறையில் ஒட்டியிருந்தார். அங்கே போக யாருக்கும் நேரமில்லாததால், லிகாயா வேலை போனாலும் போகட்டும் என்ற துணிச்சலோடு ஒரு நாள் உள்ளே போய் அதைப் படித்துவிட்டு வந்தாள்.

விசாரணைக்கு ஒரு பெண்மணி வந்தார். பெயர் ஸிக்ரிட், கிம்லி ஊர்ப் பக்கம் குடியேறிய ஐஸ்லாந்துக் குடும்பம். கழுத்தைச் சுற்றிப் பூ வேலை செய்த கம்பளிச் சட்டை, பனிக்கால பூட்ஸ், தோளில் ஒரு துணிப்பை. பார்த்தால் தேவாலயத்துக்கு நன்கொடை கேட்க வந்தவர் மாதிரி இருந்தார். லோர்ன் அவரைக் கம்பளம் விரித்த அறையில் உட்காரவைத்தார். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதன் வழியே கீழே ஆலைக்கூடம் தெரியும். மறுசுவரில் பெரிய திரை. ஒரெஸ்ட்டையும், 'கூட்டத்தின் மறுதரப்பு' என்ற முறையில் என்னையும் அழைத்திருந்தார்கள். ட்வைட் டேப்போடு மூலையில். வழக்கம்போல அதையும் சாப்பாட்டு நேரத்தில்தான் வைத்திருந்தார்கள்.

லோர்ன் எழுந்து நின்று பேசினார். "எங்க ஆலையில யாரோட ஓய்வையும் நாங்க பறிச்சதே இல்லீங்க. ஒருத்தர்கிட்ட எடுத்து இன்னொருத்தர விட்டாத்தான் அது அநியாயம். நாங்க எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி எடுக்கறோம். முன்னாடி பாத்தீங்கன்னா, சில பேரு சாப்பிடுவாங்க, சில பேரு சாப்பிட மாட்டாங்க. ஒரே குழப்பம். இப்ப நூத்துக்கு நூறு பேர் சாப்பிடறாங்க. லீவுல இருக்கறவங்ககூட சாப்பிடறாங்க. நாட்டுலயே இந்தச் சாதனை வேற யாருக்கும் இல்ல."

ஸிக்ரிட் தலையாட்டிக்கொண்டே பையிலிருந்து ஒரு முட்டை ரொட்டியை எடுத்துப் பிரித்தார்.

"மன்னிக்கணும், இந்தக் கம்பளத்துமேல..." என்று லோர்ன் ஆரம்பித்தார்.

"எனக்குச் சாப்பாட்டு நேரம்" என்று சொல்லிவிட்டு ஸிக்ரிட் ஒரு வாய் கடித்தார். மென்று முடித்துவிட்டுத் திரையைக் காட்டினார். "அந்தப் பச்சைப் புள்ளியெல்லாம் என்னங்க?"

"இந்த நிமிஷம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கறவங்க."

ஸிக்ரிட் எழுந்து கண்ணாடிச் சுவரருகே போனார். கீழே தட்டு வரிசை ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் குனிந்து பெரோகிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இவங்கதானே அவங்க?"

"ஆமாங்க."

"என்ன பண்றாங்க?"

"சாப்பிடறாங்க."

"அடுக்கற மாதிரி இருக்கே."

லோர்னும் எட்டிப்பார்த்தார். "கைப்பழக்கம்" என்றார்.

அந்த நேரத்தில்தான் ஒரெஸ்ட்டின் இடுப்பில் வாக்கி-டாக்கி கத்தியது. கண்ணாடி வழியே எங்களுக்கே தெரிந்தது. எடித்தின் வாய் அடைத்துக்கொண்டு, மேல்தொட்டியிலிருந்து மாவு வழிந்து, பக்கவாட்டில் இறங்கி, தரையில் மெத்தையாகப் பரவிக்கொண்டிருந்தது. வாக்கி-டாக்கியில் யாரோ விட்டு விட்டு அலறினார்கள்.

லோர்ன் திரும்பிப் பார்த்தார். குடும்பம், மகிழ்ச்சி எல்லாம் முகத்திலிருந்து போய்விட்டது. "என்னய்யா பாத்துக்கிட்டு இருக்கே? ஓடு! ஓடு!"

ஒரெஸ்ட் எழுந்துவிட்டான். பல வருடப் பழக்கம், கால் தானாகக் கதவுப்பக்கம் திரும்பியது. வாய்கூட மன்னிப்புக் கேட்கத் திறந்தது. அப்போது அவன் கண் திரையில் விழுந்தது. அங்கே அவன் பெயருக்கு எதிரிலும் ஒரு பச்சைப் புள்ளி. அவன் அதை உற்றுப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவனிடம் சாமர்த்தியம் எதுவும் இல்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். நிஜமாகவே குழம்பிப்போயிருந்தான். அலுவலகம் சொல்வதைக் கேட்டு நடக்கிறவன் அவன். இப்போது அலுவலகமே இரண்டு விதமாகச் சொன்னது. எழுதிப் போட்டிருப்பதைக் கேட்பது என்று முடிவு செய்தான். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன் லோர்ன்" என்றான்.

"யோவ், அது பதிவுக்காக! பதிவுல சாப்பிடு, இப்ப ஓடு! எவன்யா நெஜமா சாப்பிடச் சொன்னான்?"

சொல்லி முடித்த பிறகுதான் அறையில் இன்னொருவர் இருப்பது லோர்னுக்கு ஞாபகம் வந்தது. ஸிக்ரிட் முட்டை ரொட்டியின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, மடியிலிருந்த துணுக்குகளைத் தட்டிவிட்டார். கம்பளத்தின்மேல்தான்.

இதற்குள் மூலையில் நின்ற ட்வைட்டைக் காணோம். கண்ணாடி வழியே பார்த்தோம். பளபள அங்கி பறக்க ஆலைக்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தான். டேப்பை யாரிடமோ எறிந்தான். முழங்கால் அளவு மாவில் இறங்கி நடந்து எடித்தைக் கட்டிப்பிடித்து, பின்னால் கையை விட்டு நிறுத்தினான். மாவில் நின்றவன் ட்வைட். கெட்ட வார்த்தையும் அவனுடையதுதான். அதுவும் எடித்தை, செல்லமாக. ஊரில் இரண்டு ஆட்களைக் குழைத்து ஒருவனாக்கிவிட்டார்கள்.

ஸிக்ரிட்டின் தீர்ப்புச் சில வாரங்களில் வந்தது. சாப்பாட்டு நேரத்தைத் தானாகக் கழிக்கக் கூடாது. சாப்பிடுகிறவன் இடுப்பில் வாக்கி-டாக்கி கத்தினால் அது சாப்பாட்டு நேரமே இல்லை, வேலை நேரம். மாற்று ஆட்களைப் பழைய இடத்தில் நிறுத்தவேண்டும். போன அரைமணிகளுக்கெல்லாம் கூலி தரவேண்டும். ஒரெஸ்ட் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு நன்றி சொன்னான். கூடவே, கூலிக்குப் பதிலாக அந்த நேரத்தையே திருப்பித் தர வழி உண்டா என்று கேட்டான்.

"அது எந்தச் சட்டத்துலயும் இல்லப்பா" என்றார் ஸிக்ரிட். "இருந்தா நானே முதல்ல போய்க் கேட்டிருப்பேன்."

லோர்ன் மறுபடி எல்லோரையும் கூட்டினார். மறுபடி கேக். பணியாளர் சாப்பிடும்போது சாப்பிடுவது என்ற புதுமையான திட்டத்தைத் தாம் நெடுநாள் ஆராய்ந்து கொண்டுவந்திருப்பதாக அறிவித்தார். தலைமை அலுவலகம் அதற்கு அவருக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்து, பதவி உயர்வோடு டொராண்டோவுக்கே திருப்பி அழைத்துக்கொண்டது. நாங்களும் மனதாரக் கைதட்டினோம்.

திட்டம் தொடங்கிய முதல் நாள், நான் காலையிலேயே எழுந்து சமைத்தேன். பேசுவதற்கு நிறையச் சேர்ந்திருந்தது. மகள் அந்தக் காதலனை விட்டுவிட்டாள். கூரைக்கு ஆள் கிடைத்திருந்தான். சண்டைக்கும் இரண்டு விஷயம் எடுத்துவைத்திருந்தேன். ஒரெஸ்ட் வந்தான், இடுப்பில் எதுவும் இல்லை. எங்கள் நடுவிலும் யாரும் இல்லை.

"சொல்லு" என்றான்.

"நீ சொல்லு."

"ஒண்ணுமில்ல. நீதான் சொல்லணும்."

ஒரு ஹொலுப்ட்ஸி சாப்பிட்டான். இரண்டாவதைக் கையில் எடுத்து ஒரு கடி கடித்தான். நான் சூப்பை ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோது, ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தான். அவன் மூச்சு பட்டுக் கண்ணாடியில் ஒரு வட்டம் வெளுத்து, கலைந்து, மறுபடி வெளுத்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. இதற்காகவா ஒரு மாகாணத்தையே கூப்பிட்டோம்? எழுப்பி, முதலில் எந்தச் சண்டையைத் தொடங்கலாம் என்று யோசித்தேன்.

அவன் கையிலிருந்து ஹொலுப்ட்ஸி நழுவப் பார்த்தது. எடுத்துத் தட்டில் வைத்தேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் பகல் வெளிச்சத்தில் அவன் தூங்கிப் பார்த்தது அபூர்வம். புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது.

பிறகு யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். ட்வைட், மாவு படிந்த பழைய ஏப்ரனில், குல்லாகூட இல்லாமல் பனியில் நின்றிருந்தான். ஒரெஸ்ட்டின் நேரம் முடிந்துவிட்டது. நான் உதட்டில் விரலை வைத்தேன். ட்வைட் உள்ளே குனிந்து பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"நான் இன்னும் வரல" என்று சத்தமில்லாமல் வாயசைத்துவிட்டு, கையைத் தேய்த்துக்கொண்டு ஆலைக்குள் திரும்பிப் போனான்.

வண்டியின் சூடான காற்று ஒரெஸ்ட் பக்கம் போகும்படி திருப்பிவிட்டேன். மீதியிருந்த ஹொலுப்ட்ஸியை, அவன் கடித்து வைத்ததையும் சேர்த்து, நானே மெதுவாகச் சாப்பிட்டு முடித்தேன். அன்றைக்கு உப்பு சரியாக இருந்தது.